காற்றில் கூரை பறந்த வீட்டில் உதவப் போகிறீர்களா?

மலேசியாவில் பினாங்கின் செபராங் பிறை பக்கம் கூட்டுப்பணிக்குக் கிளம்பும்போது சிலிப்பர் வேண்டவே வேண்டாம். பலகையோடு விழுந்த ஆணி நேரே பாதத்தில் ஏறும். கெட்டி அடியுள்ள பூட்ஸ் போடுங்கள். டெட்டனஸ் ஊசி போட்டு 10 ஆண்டு தாண்டிவிட்டதா? முதலில் கிளினிக்.

அறுந்த மின்கம்பி கிடந்தால் விலகி நின்று, மின்சார நிறுவனமான தெனாகாவின் 15454 எண்ணுக்கு அழையுங்கள்.

தகரத்தைத் தடித்த கையுறையோடு இருவராகத் தூக்குங்கள். ஒருவர் மட்டும் தூக்கினால், அடுத்த காற்றுக்கு அது ஆளையும் சேர்த்து இழுக்கும்.

பலரும் கோட்டைவிடுவது பழைய வீடுகளின் சாம்பல்நிற நெளி ஓட்டில். அதில் ஆஸ்பெஸ்டாஸ் என்னும் கல்நார் இருக்கலாம். உடைத்தாலோ உலர்ந்தபடி பெருக்கினாலோ நுண்ணிழை நுரையீரலுக்குப் போகும். துணி முகக்கவசம் தடுக்காது. நுண்துகளைத் தடுக்கும் பி100 வடிகட்டிக் கவசம் இல்லாதவர் தொடாமலிருப்பதே நல்லது. கவசம் இருந்தால், ஓட்டைத் தண்ணீர் தெளித்து நனைத்து, உடைக்காமல் எடுத்து, கனமான பிளாஸ்டிக்கில் இரண்டு சுற்று சுற்றித் தனியே வையுங்கள். சாதாரணக் குப்பை லாரியில் ஏற்றக்கூடாது. மலேசியாவில் அது அட்டவணையிடப்பட்ட கழிவு, அதாவது தனி விதிப்படி அகற்ற வேண்டிய அபாயக் கழிவு.