ஸ்னூக்கர் பழகலாம்: முதலில் வெள்ளைப் பந்து, அப்புறம் பாக்கெட்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் முழு அளவு ஸ்னூக்கர் டேபிள் இருக்கும் இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஊட்டி கிளப்புக்குள் எல்லோரும் போய்விட முடியாது, அது உறுப்பினர்களுக்கானது. மற்ற இடங்களில் மணிக்கு இவ்வளவு என்று கட்டணம். அதனால் டேபிள் கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் எதைப் பழகுவது என்பதுதான் இங்கே புதிதாக ஆட வருபவருக்கு முதல் கேள்வி. பாதி நேரத்தை வெள்ளைப் பந்துக்கு, அதாவது க்யூ என்ற கோலால் நாம் அடிக்கும் பந்துக்கு, கொடுங்கள் என்பேன். பந்தைப் பாக்கெட்டில் போடும் ஆசை எல்லோருக்கும் இருக்கிறது, அது எப்படியும் கைக்கு வந்துவிடும். வெள்ளையை நினைத்த இடத்தில் நிறுத்துவது அப்படி வராது. அதை முயன்று பழக வேண்டும்.

நாமெல்லாம் கேரம் ஆடி வளர்ந்தவர்கள். கேரமில் ஸ்ட்ரைக்கர் எங்கே போய் நின்றாலும் அடுத்த அடிக்கு அதை எடுத்து நம் கோட்டில் வைத்துக்கொள்கிறோம். ஸ்னூக்கரில் வெள்ளை எங்கே நின்றதோ அங்கிருந்துதான் அடுத்த அடி. இந்த ஒரு வித்தியாசத்தில்தான் மொத்த ஆட்டமும் இருக்கிறது.

இந்த ஆட்டம் நம்முடையது என்று சொல்லிக்கொள்ள நமக்கு உரிமை உண்டு. 1875-இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்ற இளம் ராணுவ அதிகாரி (பின்னாளில் இங்கிலாந்துப் பிரதமரான சேம்பர்லின் வேறு ஆள்), அப்போது ஆடிவந்த பூல் ஆட்டத்தில் கூடுதலாக நிறப் பந்துகளைச் சேர்த்துப் பார்த்தார். பிறகு அவர் ஊட்டிக்கு வந்தார். 1882-இல் விதிகள் எழுதப்பட்டு ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் மாட்டப்பட்டன. உலகம் முழுக்க ஆடும் ஒரு விளையாட்டின் விதிகள் நம் ஊரில் எழுதப்பட்டிருக்கும்போது, நம் ஊர்ப் பிள்ளைகள் அதை ஆடத் தெரியாமல் இருக்கக் கூடாது. இதை எழுதுவதே அதற்காகத்தான்.

படி 1: டேபிளைத் தெரிந்துகொள்ளுங்கள்

முழு டேபிள் ஏறக்குறைய 12 அடி நீளம், 6 அடி அகலம். 15 சிவப்புப் பந்துகள், ஒவ்வொன்றும் 1 புள்ளி. மஞ்சள் 2, பச்சை 3, பிரவுன் 4, நீலம் 5, பிங்க் 6, கறுப்பு 7. ஒரு சிவப்பு, ஒரு கலர், மறுபடி சிவப்பு, மறுபடி கலர் என்று மாற்றி மாற்றிப் போட வேண்டும். சிவப்புகள் இருக்கும்வரை கலர்கள் மீண்டும் டேபிளில் தங்களுக்குக் குறித்த இடத்துக்கே (அதையும் புள்ளி என்றே சொல்வோம்) வந்துவிடும். சிவப்பு தீர்ந்ததும் மஞ்சளில் தொடங்கி கறுப்பு வரை வரிசையாக.

டி வளைவு வரைந்திருக்கும் பக்கத்தைக் கீழ் என்றும், கறுப்பு இருக்கும் பக்கத்தை மேல் என்றும் வைத்துக்கொள்வோம். துணியை உள்ளங்கையால் கீழிருந்து மேலாகத் தடவிப் பாருங்கள், வழுவழுவென்று போகும். மேலிருந்து கீழாகத் தடவினால் லேசாகச் சொரசொரக்கும். மெதுவாக அடித்த பந்து, அதிலும் கீழ்நோக்கி வரும்போது, கடைசி நேரத்தில் விலகிப் போவதற்கு இந்தத் துணி மயிரும் ஒரு காரணம். இதை விரலால் உணர்ந்துவிட்டால் பிறகு மறக்காது.

படி 2: நிற்பதும் பிடிப்பதும்

வலது கைக்காரருக்குச் சொல்கிறேன், இடது கைக்காரர்கள் மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் நேராக நின்று, வெள்ளை எந்தக் கோட்டில் போக வேண்டும் என்று பாருங்கள். அந்தக் கோட்டின் மேல் வலது காலை வைத்து, இடது காலைச் சற்று முன்னால் விலக்கி வைத்து, அப்படியே குனியுங்கள். குனிந்த பிறகு குறியை மாற்றத் தோன்றினால் எழுந்து மறுபடி முதலிலிருந்து தொடங்குங்கள். படுத்த நிலையிலேயே க்யூவை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகர்த்துவதுதான் புதியவர்களிடம் நான் அதிகம் பார்ப்பது.

இடது கை துணியில் பதிந்திருக்க, விரல் முட்டிகளைச் சற்று உயர்த்தி, கட்டை விரலை மேல்நோக்கித் தூக்குங்கள். அதற்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே விழும் பள்ளத்தில் க்யூ ஓட வேண்டும். பின் கையில் பிடி இறுக்கம் வேண்டாம். தாடை க்யூவுக்குப் பக்கத்தில் வரட்டும். இரண்டு மூன்று முறை முன்னும் பின்னும் ஓட்டிப் பாருங்கள், பின்னால் இழுத்ததும் ஒரு நொடி நிறுத்துங்கள், அப்புறம் அடியுங்கள். அடித்த பிறகும் தலையைத் தூக்காமல் படுத்தே இருங்கள்.

படி 3: வெறும் வெள்ளை

வேறு பந்தே வேண்டாம். வெள்ளையைப் பிரவுன் புள்ளியில் (டி-யின் நேர்கோட்டு நடுவில்) வையுங்கள். நீலம், பிங்க், கறுப்பு ஆகிய புள்ளிகளின் மேலேயே ஓடி, மேல் குஷனில் (டேபிளின் ரப்பர் விளிம்பில்) பட்டு, அதே புள்ளிகளின் மேல் திரும்பி வந்து உங்கள் க்யூ நுனியில் அது முட்ட வேண்டும். கேட்க எளிது. அடித்துப் பாருங்கள். போகும்போது நேராகப் போன பந்து, குஷனில் பட்டதும் வலது பக்கம் ஒதுங்கி வரும். வெள்ளையின் நடுவில் அடித்ததாக நினைத்துக்கொண்டு வலப்பக்கத்தில் அடித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். இடது பக்கம் ஒதுங்கினால் இடப்பக்க அடி. உங்கள் அடியில் இருக்கும் கோணலை இவ்வளவு நேர்மையாகக் காட்டிக்கொடுக்கும் பயிற்சி வேறு எதுவும் எனக்குத் தெரியாது. முதலில் மிதமான வேகம், பிறகு மெதுவாக, பிறகு வேகமாக. ஒவ்வொரு முறை டேபிளுக்கு வரும்போதும் முதல் பத்து நிமிடம் இதற்குத்தான்.

படி 4: குறி பார்ப்பது

பாக்கெட்டின் நடுவிலிருந்து போட வேண்டிய பந்தின் நடு வழியாக ஒரு கோடு இழுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோடு பந்தின் பின்புறம் வெளிவரும் இடத்தை ஒட்டி இன்னொரு பந்து இருப்பதாகக் கற்பனை செய்யுங்கள். வெள்ளை போய் நிற்க வேண்டிய இடம் அதுதான். வெள்ளையின் நடுப்பகுதியை மற்ற பந்தின் விளிம்புக்குக் குறி வைத்து அடித்தால் அரைப் பந்து அடி. அடிபட்ட பந்து சுமார் 30 டிகிரி விலகிப் போகும். இந்த ஒரு கோணத்தைக் கண்ணுக்குப் பழக்கிவிட்டால், மற்றவற்றை இதைவிடத் தடிப்பு, இதைவிட மெலிவு என்று அளந்துகொள்ளலாம். இதற்கு மேல் குறி பற்றி எழுதிப் புரியவைக்க முடியாது, ஆடித்தான் வர வேண்டும்.

படி 5: வெள்ளையை நிறுத்துவது

சிவப்பு ஒன்றை மூலைப் பாக்கெட்டுக்கு நேராக வைத்து, அதன் பின்னால் சுமார் ஒரு அடி தள்ளி வெள்ளையை நேர்கோட்டில் வையுங்கள். சிவப்பைப் போடுவது சுலபம். கவனிக்க வேண்டியது வெள்ளையை.

நடுவுக்குச் சற்றுக் கீழே திடமாக அடித்தால் சிவப்பு போய்விடும், வெள்ளை சிவப்பில் மோதிய இடத்திலேயே நின்றுவிடும். இது ஸ்டன். நடுவுக்கு மேலே அடித்தால் வெள்ளை சிவப்பின் பின்னாலேயே ஓடும், இது ஃபாலோ. நன்றாகக் கீழே அடித்தால் பின்னோக்கி வரும், இது ஸ்க்ரூ. ஸ்க்ரூ வரவில்லை என்று பலத்தைக் கூட்டுவார்கள். பலம் காரணம் இல்லை. பின் கை உயர்ந்து, க்யூ சரிந்து, வெள்ளையை மேலிருந்து குத்துகிறீர்கள். முன் கையைத் தாழ்த்தி, க்யூவைக் கிடையாக வைத்து, பந்தை ஊடுருவிப் போவதுபோல் அடியுங்கள். ஸ்டன் சரியாக வரும்வரை மற்ற இரண்டையும் தள்ளிவையுங்கள். சைடு ஸ்பின் (வெள்ளையின் பக்கவாட்டில் அடித்துச் சுழலவிடுவது) பக்கம் சில மாதங்களுக்குப் போகவே வேண்டாம்.

எங்கள் ஊரில் மார்க்கராக (கிளப்பில் புள்ளிக் கணக்கும் டேபிளும் பார்த்துக்கொள்பவர்) வேலை பார்த்த அண்ணன் ஒருவர், புதுப் பையன்கள் பந்து விழுந்ததும் சிரித்துக்கொண்டு நிமிர்ந்தால் சொல்வார்: “விழுந்தத பாக்காத தம்பி, வெள்ள எங்க நிக்குதுன்னு பாரு.” கிளப்களில் நல்ல ஆட்டம் பார்க்க வேண்டுமென்றால் மார்க்கர்களின் ஆட்டத்தைப் பாருங்கள். அவர்கள் அலட்டிக்கொள்ளாமல், வெள்ளையைச் சாண் அளவு மட்டும் நகர்த்தி ஆடுவார்கள்.

அடுத்து ஒரு சிவப்பையும் கறுப்பையும் மட்டும் வைத்து ஆடுங்கள். சிவப்பைப் போட்ட அடியிலேயே வெள்ளை கறுப்புக்குச் சற்றுக் கோணத்தில் வந்து நிற்க வேண்டும். நேர்கோட்டில் நின்றுவிட்டால் கறுப்பு விழும், ஆனால் வெள்ளையை முன்னேயோ பின்னேயோ தவிர வேறெங்கும் கொண்டுபோக முடியாது. கோணம் இருந்தால்தான் அடுத்த சிவப்புக்குப் போக வழி. 1927 முதல் 1946 வரை நடந்த உலகப் போட்டிகளில் 15 முறை வென்ற ஜோ டேவிஸ், கறுப்பைச் சுற்றியே வெள்ளையை வைத்துக்கொண்டு தொடர்ந்து புள்ளி சேர்க்கும் இந்த முறையைத்தான் வளர்த்தெடுத்தார்.

படி 6: சேஃப்டி

பந்தைப் போட முயலாமல், எதிராளிக்கு எதுவும் மிஞ்சாத இடத்தில் வெள்ளையை நிறுத்துவதுதான் சேஃப்டி. புதியவர்கள் இதைக் கோழைத்தனம் என்று நினைக்கிறார்கள். எனக்கு இந்த ஆட்டத்தில் மிகவும் பிடித்ததே இதுதான். ஒவ்வொரு அடிக்கு முன்னும் உங்களையே கேளுங்கள்: இந்தப் பந்து விழுமா? விழாவிட்டால் எதிராளிக்கு என்ன மிச்சம்? பத்துக்கு ஆறு முறையாவது போட முடியாத பந்தென்றால் அதை விடுங்கள்.

அடிப்படை சேஃப்டி இதுதான். சிவப்புக் கூட்டத்தின் ஓரப் பந்தை மெலிதாகத் தொட்டு, மேல் குஷன் வழியாக வெள்ளையைக் கீழே கொண்டுவந்து, கீழ்க் குஷனை ஒட்டி நிறுத்துவது. குஷனை ஒட்டிய வெள்ளையின் மேல்விளிம்பு மட்டும்தான் எதிராளிக்குக் கிடைக்கும், சிவப்பும் 8, 9 அடிக்கு அப்பால் இருக்கும். இன்னும் நன்றாக அமைந்தால் பிரவுனுக்கோ பச்சைக்கோ பின்னால் வெள்ளை மறைந்துகொள்ளும். அடிக்க வேண்டிய பந்தை எதிராளியால் தொட முடியாவிட்டால் அது ஃபவுல் (தவறு), உங்களுக்குக் குறைந்தது 4 புள்ளி. நீலம், பிங்க், கறுப்பு சம்பந்தப்பட்ட ஃபவுல் என்றால் 5, 6, 7. நான்கு சிவப்புகளைச் சிதறவிட்டு, இருவரும் சேஃப்டி மட்டுமே ஆடுவது என்று அரை மணி நேரம் ஆடிப் பாருங்கள். இதைவிட விறுவிறுப்பான அரை மணி நேரம் இருக்காது.

கூடவே மீதிப் புள்ளிக் கணக்கும் பழக வேண்டும். மீதமுள்ள சிவப்புகளை எட்டால் (சிவப்பு 1, கறுப்பு 7) பெருக்கி, ஆறு கலர்களின் மொத்தமான 27-ஐக் கூட்டுங்கள். இரண்டு சிவப்பு இருந்தால் 16, அதோடு 27, மொத்தம் 43. நீங்கள் 47 பின்தங்கியிருந்தால், ஒரு ஃபவுலில் 4 கிடைத்து மீதி எல்லாவற்றையும் போட்டாலும் சமன்தான். கறுப்பை மறுபடி வைத்து ஆட வேண்டியிருக்கும். முன்னிலையில் இருப்பவர் அந்த நேரத்தில் துணிந்து பந்து போட முயல்வதில் அர்த்தமே இல்லை.

நம் ஊர்க் குளிரும் ஈரமும்

தொழில்முறைப் போட்டிகளில் டேபிளின் கல் பலகைக்கு அடியில் சூடு கொடுத்துத் துணியை உலர்வாக வைத்திருப்பார்கள். நமக்கு ஜூன் முதல் டிசம்பர் வரை மழையும் மேகமும்தான். துணி ஈரம் இழுத்துக்கொண்டால் பந்து கனமாக ஓடும், நேற்றைய வேகத்தில் அடித்தால் பாதியில் நின்றுவிடும். அதனால் படி 3-இல் சொன்ன அடியை அன்றைய வேகத்தை அறியவும் பயன்படுத்துங்கள். பந்துகளை உலர்ந்த துணியால் துடையுங்கள். சாக் (க்யூ நுனியில் தேய்க்கும் கட்டி) ஈரமாக இருந்தால் டிப்பில், அதாவது க்யூவின் நுனியில், ஒட்டாது, க்யூ வழுக்கிவிடும். சொந்தமாக ஒரு சாக் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரிக் காலையில் விரல் விறைத்திருக்கும்போது மெதுவான அடி எதுவும் சரியாக வராது, ஒரு டீ குடித்துக் கை சூடேறியபின் தொடங்குங்கள். சொந்தக் க்யூ இருந்தால் அதை ஈரச் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள், வளைந்துவிடும்.

எப்போது ஆட்டம் ஆடலாம்?

படி 5 ஓரளவு வந்ததும். ஆனால் 15 சிவப்பும் வைத்து ஆடினால் புதியவர்கள் இருவருக்கு ஒரு ஃப்ரேமே (ஒரு முழு ஆட்டமே) ஒரு மணி நேரத்தைத் தாண்டும், கட்டணமும் ஏறும். ஆறு சிவப்பு மட்டும் வைத்து ஆடுங்கள். அந்த வடிவத்துக்குத் தனிப் போட்டிகளே நடக்கின்றன, அதிகபட்ச பிரேக் (ஒரே முறையில் தொடர்ந்து சேர்க்கும் புள்ளி) 75. உங்களைவிட நன்றாக ஆடுபவரிடம் 15 புள்ளி முன்கூட்டியே வாங்கிக்கொண்டு ஆடுங்கள். மிஸ் (தொட வேண்டிய பந்தைத் தவறவிட்டவரை மறுபடி அடிக்கச் சொல்வது), ஃப்ரீ பால் (எதிராளியின் ஃபவுலுக்குப் பின் அடிக்க வேண்டிய பந்து மறைந்திருந்தால் வேறு பந்தை அடிக்க விடுவது) விதிகள் உண்டா இல்லையா என்பதை முதல் அடிக்கு முன்பே பேசி முடிவு செய்துவிடுங்கள். பாதி ஃப்ரேமில் அதைப் பேசத் தொடங்கினால் டேபிள் நேரம் அதிலேயே போய்விடும்.