தேயிலைத் தோட்ட லயனில் குடும்பத்தோடு மாலைப் படிப்பு நடத்துவது எப்படி?

எழுதப் படிக்கத் தெரியாத தோட்டத் தொழிலாளியின் கையிலும் தினமும் ஏதோ ஒரு காகிதம் இருக்கிறது. இலை எடைச் சீட்டு, சம்பளச் சீட்டு, பிள்ளை பள்ளியிலிருந்து கொண்டுவரும் அறிவிப்பு. அரிச்சுவடியைப் பிரித்து வைத்துத் தொடங்கிய வகுப்புகளில் மூன்றாம் வாரமே பாதிப் பேர் வருவதில்லை. அந்தச் சீட்டுகளையே பாடமாக வைத்தால் நிற்கிறார்கள். நீலகிரியில் கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கம் லயன் வீடுகளில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், வகுப்பு தொடங்க நினைக்கும் தன்னார்வலர்களுக்கு இந்தக் குறிப்புகள்.

முதலில் இடம். லயன் தோட்டத்துக்குச் சொந்தமானது. மேலாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், தொழிற்சங்கக்காரர்களிடமும் சொல்லுங்கள். வகுப்பு அந்த லயனுக்குள்ளேயே நடக்க வேண்டும். மார்கழியில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். கோத்தகிரி, குன்னூர் பக்கம் கரடியும் காட்டெருமையும், கூடலூர், பந்தலூர் பக்கம் யானையும் நடமாடும் நேரம் அது. தேயிலைக் காட்டு வழியாக ஒருவர்கூட நடந்து வரும்படி வைக்காதீர்கள். பக்கத்து லயன்காரர்கள் கேட்டால் அங்கே தனி வகுப்பு தொடங்குவதுதான் சரி.

வாரத்தில் 3 நாள், மாலை 6 முதல் 7.30 வரை. கொழுந்தை எடை போட்டு, வீட்டுக்கு வந்து, தண்ணீர் பிடித்து, உலை வைத்த பிறகுதான் பெண்களுக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும். ஞாயிறு காலை கடைவீதிக்குப் போகிற நேரம், அதைத் தொடாதீர்கள். ஒரு வகுப்புக்கு 8 குடும்பம், பெரியவர்கள் 12 பேர் போதும். நடத்த இரண்டு பேர் வேண்டும். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலும் வகுப்பு நிற்கக் கூடாது. கொழுந்து அதிகம் வரும் மாதங்களில் வாரம் ஒரு நாளாகக் குறைத்துக்கொள்ளுங்கள். வராதவர் பெயரைக் கூட்டத்தில் படிக்க வேண்டாம்.

தேவையான பொருள்கள் கொஞ்சம்தான். 3க்கு 4 அடி கரும்பலகை, சார்ஜ் விளக்கு இரண்டு, தடித்த பென்சில், அகலக் கோடு போட்ட நோட்டு, தரைக்குத் தார்ப்பாய், அதன்மேல் ஜமுக்காளம். மூடுபனி ஈரத்தில் சாக்பீஸ் நமத்துப்போய் எழுதாது. இறுக மூடும் டப்பாவில் வையுங்கள். ஒரு வாளி வெதுவெதுப்பான தண்ணீரும் வேண்டும். நாள் முழுக்கக் கொழுந்து கிள்ளிய விரல்கள் வெடித்து, குளிரில் விறைத்துப் போயிருக்கும். ஐந்து நிமிடம் கையை நனைத்துத் துடைத்த பிறகு பென்சில் பிடிப்பதே வேறு மாதிரி இருக்கும்.

எழுத்தைத் தொடங்கும் முன் கண்ணைப் பாருங்கள். "எனக்கு மண்டையில ஏறாதும்மா" என்று சொல்பவர்களில் பலருக்கு உண்மையில் கிட்டப் பொருள் தெரிவதில்லை. 40 வயதைத் தாண்டினால் இது எல்லோருக்கும் வருவது. செய்தித்தாளை 40 செ.மீ. தூரத்தில் காட்டி, எழுத்து கலங்கலாகத் தெரிகிறதா என்று கேளுங்கள். ஊசியில் நூல் கோக்க முடிகிறதா என்றும் கேளுங்கள். முடியவில்லை என்றால் அரசு மருத்துவமனைக்கோ கண் முகாமுக்கோ கூட்டிப் போங்கள். பெரும்பாலும் +1.00 முதல் +2.50 வரை உள்ள படிக்கும் கண்ணாடி போதும். இதை விட்டுவிட்டு ஆறு மாதம் பாடம் நடத்தினால் பலன் இல்லை, அவமானம்தான் மிச்சம்.

எல்லோரும் முதலில் கேட்பது கையெழுத்து. சொல்லிக் கொடுங்கள், ஆனால் அதோடு விடாதீர்கள். பார்த்து வரைவது படிப்பு ஆகாது. மாரியம்மாள் என்று எழுதியவரிடம் அந்தப் பெயருக்குள் 'மாரி' இருப்பதைக் காட்டுங்கள், 'மா' இரண்டு இருப்பதால் 'மாமா' எழுதலாம் என்று காட்டுங்கள். பிறகு ட, ப, ம போன்று சில கோட்டில் முடியும் எழுத்துகள்: படம், மடம், பட்டம். 'கொழுந்து' எழுத ஆசைப்படுவார்கள். அதில் ஒரு எழுத்துக்கு இரு பக்கமும் குறி வருகிறது, 'ழு' வேறு இருக்கிறது. இரண்டாம் மாதம் வைத்துக்கொள்ளலாம். வீட்டில் படுகு, கன்னடம், மலையாளம் பேசுபவர்கள் இருந்தால் அவர்கள் மொழியில் அந்தப் பொருளுக்கு என்ன பேர் என்று கேட்டுவிட்டு எழுதுங்கள். ஜார்க்கண்ட், அசாமிலிருந்து வந்தவர்களுக்கு எண்ணும் பேச்சுத் தமிழும் முதலில்.

கணக்குதான் இந்த வகுப்பின் உயிர். காலை 18 கிலோ, மதியம் 14, மாலை 9 என்று சீட்டில் இருக்கிறது. அம்மா மனதில் கூட்டுவது இப்படி: பத்தும் பத்தும் இருபது, எட்டும் நாலும் பன்னிரண்டு, ஆக முப்பத்திரண்டு, ஒன்பது சேர்த்தால் நாற்பத்தொன்று. பள்ளியில் பிள்ளை படித்தது தலைகீழ்: முதலில் ஒன்றுகள், 8+4+9 = 21, 1 எழுதி 2 மேலே. இரண்டையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள், அம்மாவின் வழி முதலில். விடை ஒன்றாக வருவதைப் பார்க்கும்போது பிள்ளை அம்மாவை நிமிர்ந்து பார்க்கும். 'மேலே 2' என்பது இருபது என்று அந்தப் பிள்ளைக்கும் அன்றுதான் விளங்கும். சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிக்கும் எடையை அடுத்த நாள் பாடமாக எடுங்கள்.

பிள்ளையை அம்மாவுக்கு வாத்தியார் ஆக்காதீர்கள். "இதுகூடத் தெரியலையா" என்ற ஒரு சொல் போதும், அந்த அம்மா மறுநாள் வரமாட்டார். பிள்ளை வாசிக்கட்டும், அம்மா கணக்கைச் சரிபார்க்கட்டும். பெரியவர்களை அக்கா, அண்ணா, பெரியம்மா என்றே கூப்பிடுங்கள்.

சம்பளச் சீட்டுக்கு மூன்றாம் மாதம் வரலாம். நாள் கூலி 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டு பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) 12 சதவீதம் கணக்குப் போடுங்கள்: நூற்றுக்கு 12, ஆக 48. நிர்வாகமும் அதே அளவு கட்ட வேண்டும் என்பது பலருக்குப் புதுச் செய்தி. உண்மையான சீட்டைப் பலகையில் எழுத வேண்டாம். அவர்கள் போனில் வரும் ஓடிபியை நீங்கள் கேட்கவே கூடாது.

மேஸ்திரி சம்மதித்தால் வேலை இடத்திலும் இடைவேளையில் பத்து நிமிடம் கிடைக்கும். பூச்சிமருந்து டப்பாவின் லேபிளில் உள்ள சாய்சதுரத்தில் கீழ்ப் பாதி முக்கோணத்தின் நிறத்தைப் படிக்கக் கற்றுக்கொடுங்கள்: சிவப்பு கொடிய விஷம், அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியாகப் பச்சை. பச்சை என்றாலும் விஷம்தான். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்ட அறிவிப்பை வகுப்பில் வாசியுங்கள். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். இரண்டு அம்மாக்கள் சேர்ந்து போகட்டும்.

சான்றிதழ் விரும்புவோரை அரசின் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் பதியச் சொல்லித் தலைமை ஆசிரியரைப் பாருங்கள். 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது. 200 மணி நேரப் படிப்பு. நம் கணக்கில் வாரம் நாலரை மணி, ஏறக்குறைய 45 வாரம். தேர்வு வாசிப்பு, எழுத்து, எண் என 3 பகுதி, பகுதிக்கு 50 மதிப்பெண். முந்தின நாளே கண்ணாடியைத் துடைத்துப் பையில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.