‘பொறுத்துக்கலாம்’ என்று இருந்துவிடாதீர்கள்: கேப்சிடபின் மாத்திரையும் வீட்டில் நடக்கும் தவறுகளும்

அம்மா தோசைக் கரண்டியைப் புடவை முந்தானையால் சுற்றிப் பிடித்திருந்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. கரண்டியின் கைப்பிடி மரம், சுடவே சுடாது. கையை விரிக்கச் சொன்னேன். உள்ளங்கை முழுக்கச் சிவந்து, விரல் மடிப்புகளில் தோல் வெடித்திருந்தது. நாலு நாளாக இப்படித்தானாம். “டாக்டர்கிட்ட சொன்னா மாத்திரையை நிறுத்திடுவாங்க. அப்புறம் நோய் திரும்ப வந்துட்டா? பொறுத்துக்கலாம்னு இருந்தேன்” என்றார்.

பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து அவருக்குக் கேப்சிடபின் என்ற கீமோ மாத்திரை கொடுத்திருந்தார்கள். 14 நாள் காலையும் இரவும் மாத்திரை, பிறகு 7 நாள் ஓய்வு. உடலுக்குள் போனதும் இது ஃப்ளூரோயுராசிலாக மாறுகிறது. நரம்பு வழியாக ஏற்றும் கீமோ மருந்துகளில் அதுவும் ஒன்று. ஊசியும் படுக்கையும் இல்லாததால் ‘வெறும் மாத்திரைதானே’ என்ற நினைப்பு வந்துவிடுகிறது. ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றும்போது நர்ஸ் பக்கத்தில் இருந்து கவனிப்பார். மாத்திரை என்றால் அந்த வேலை வீட்டில் இருப்பவர்கள் தலையில்தான் விழுகிறது.

உள்ளங்கையும் பாதமும் சிவந்து எரிந்து வெடிப்பது இந்த மருந்தின் பக்கவிளைவு. அதை மறைப்பதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. ஆரம்பத்திலேயே சொன்னால் மருத்துவர் சில நாள் மாத்திரையை நிறுத்தி, புண் ஆறியதும் திரும்பத் தொடங்குவார். தேவைப்பட்டால் அளவைக் குறைப்பார். இந்த மருந்தைக் கொடுக்கும் முறையிலேயே அதற்கு இடம் வைத்திருக்கிறார்கள். கொப்புளமாகிப் புண்ணாகும் வரை காத்திருந்தால் இடைவெளி இன்னும் நீளும்.

கை, கால் எரிச்சலுக்கு நம் வீடுகளில் முதலில் செய்வது வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை ஊற வைப்பது. தயவுசெய்து வேண்டாம். சூடும் உராய்வும் இந்தப் புண்ணை அதிகமாக்கும். சூடான பாத்திரம் கழுவுவது, துணியைக் கசக்கித் துவைப்பது, மொட்டை மாடியில் வெறுங்காலோடு நடப்பது, இறுக்கமான செருப்பு எல்லாமே அப்படித்தான். சாதாரணத் தண்ணீரில் கழுவி, துடைக்காமல் ஒற்றி எடுத்து, யூரியா கலந்த க்ரீமைக் காலையும் இரவும் தடவலாம். வெடிப்போ புண்ணோ வந்த இடத்தில் அது எரியும். அங்கே என்ன போடுவது என்று மருத்துவரைக் கேளுங்கள். மருதாணி குளிர்ச்சி என்று வைக்கிறார்கள். அதில் எனக்குள்ள கவலை, கை சிவந்திருப்பதை மருதாணிச் சிவப்பு மறைத்துவிடும் என்பதுதான்.

டெல்லி எய்ம்ஸில் கேப்சிடபின் சாப்பிடும் 264 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2024-இல் வெளியானது. வலிக்குத் தடவும் டைக்ளோஃபெனாக் ஜெல்லை ஆரம்பத்திலிருந்தே கையில் தடவி வந்தவர்களில் 3.8 சதவீதம் பேருக்குத்தான் ஓரளவு கடுமையான பாதிப்பு வந்தது. மருந்தில்லாத ஜெல் தடவியவர்களில் 15 சதவீதம். உங்களுக்கு ஒத்துவருமா என்று மருத்துவரைக் கேட்டுப் பாருங்கள். அதே பெயரில் உள்ள வலி மாத்திரையை நீங்களாக வாங்கி விழுங்கிவிடாதீர்கள்.

வயிற்றுப்போக்கை ‘சாப்பாடு ஒத்துக்கலை’ என்று தள்ளிவிடுவது அடுத்த தவறு. வழக்கத்தைவிட நாலு தடவை கூடப் போனாலோ, ராத்திரி தூக்கத்தில் எழுந்து போக வேண்டியிருந்தாலோ அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள். ஓஆர்எஸ் பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாக டம்ளரில் கலக்காமல், பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவு தண்ணீரில் முழுசாகக் கலக்க வேண்டும். மருந்து தொடங்கிய சில நாளிலேயே கடும் பேதியும் வாய்ப்புண்ணும் வந்தால் அது அவசரம். சிலருடைய உடலுக்கு இந்த மருந்தைச் சிதைக்கும் திறன் பிறவியிலேயே குறைவு.

காய்ச்சல் வந்ததும் பாராசிட்டமால் போட்டுப் படுத்துவிடுவதும் ஆபத்து. முதலில் தெர்மாமீட்டர் வையுங்கள். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் இரவு இரண்டு மணியானாலும் கூப்பிட வேண்டும். இந்த மருந்தால் இரத்தத்தில் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் தொற்று வேகமாகப் பரவும்.

உடம்பு தேறட்டும் என்று சொந்தக்காரர்கள் வாங்கித் தரும் சத்து மாத்திரையிலும் கவனம் வேண்டும். பலவற்றில் ஃபோலிக் அமிலம் இருக்கும். அது இந்த மருந்தின் பக்கவிளைவைக் கூட்டக்கூடியது. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரினோ, வலிப்புக்கு ஃபெனிடோயினோ சாப்பிடுபவர்கள் அதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளை இரண்டு மடங்காகப் போடக் கூடாது. மிச்சமானதை ஓய்வு வாரத்துக்கும் இழுக்கக் கூடாது. கேப்சிடபினைச் சாப்பிட்டு முடித்த அரை மணிக்குள் தண்ணீரோடு விழுங்க வேண்டும். ஆனால் இரத்தப் புற்றுநோய்க்குத் தரும் நிலோட்டினிப் கேப்ஸ்யூலுக்கு நேர்மாறு, வெறும் வயிறு வேண்டும். அதனால் பக்கத்து வீட்டுக்காரர் எப்படிச் சாப்பிடுகிறார் என்று பார்த்துச் சாப்பிடாதீர்கள். மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ வேண்டாம். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவர் கையால் எடுத்துத் தர வேண்டாம்.

அன்றைக்கே போன் செய்தோம். ஒரு வாரம் நிறுத்தச் சொன்னார்கள். பிறகு கொஞ்சம் குறைந்த அளவில் தொடங்கினார்கள். அதிலிருந்து பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டரிலேயே அம்மா தன் கணக்கையும் எழுத ஆரம்பித்தார்: மாத்திரை போட்டதற்கு இரண்டு டிக், எத்தனை தடவை வெளியே போனார் என்று ஓர் எண், கை எரிந்தால் ‘கை’, கால் எரிந்தால் ‘கா’. செக்கப்புக்குப் போகும்போது அந்தத் தாளைக் கிழித்து ஃபைலில் வைத்து எடுத்துப் போவோம்.