கச்சான் காலத்தில் முதியோர் இல்லப் பராமரிப்பு

திருகோணமலையில் கச்சான் காற்று எனப்படும் வறண்ட வெப்பக் காற்று வீசும் மாதங்களில் முதியோர் இல்லத்தில் முதலில் கவனிக்க வேண்டியது தண்ணீர். வயது ஏற ஏறத் தாக உணர்வு மங்கிவிடுவதால், "தண்ணீர் வேணுமா அம்மா?" என்று கேட்டால் பெரும்பாலும் "வேண்டாம் பிள்ளை" என்ற பதிலே வரும். ஆகவே கேட்டுக்கொண்டிராமல், ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை அரைக் குவளை தண்ணீரையோ, உப்புக் குறைத்த மோரையோ கையில் கொடுத்து, குடித்து முடிக்கும்வரை அருகிலிருந்து பேசுங்கள். இதய நோயாளருக்கும் சிறுநீரக நோயாளருக்கும் வைத்தியர் சொன்ன அளவே பொருந்தும். சிறுநீர் கடும் மஞ்சளாவது நீரிழப்பின் அறிகுறியாக இருக்கலாம். நன்றாக இருந்தவர் திடீரெனக் குழம்பிப் பேசினால், வயதுக் கோளாறு என்று விட்டுவிடாமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

இரவில் கழிவறைக்கு எழும்போதே பலர் விழுகிறார்கள். கட்டில் விளிம்பில் ஓரிரு நிமிடம் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்த பின்பே எழப் பழக்குங்கள். வழியில் சிறு விளக்கொன்று எரியட்டும். தேய்ந்த செருப்பை மாற்றுங்கள்.

நீரிழிவு உள்ளவர்களின் பாதங்களை, விரலிடுக்குகள் உட்பட, தினமும் பாருங்கள். உணர்ச்சி குறைந்த காலில் சிப்பி கிழித்தாலும் அவர்களுக்குத் தெரியாது.

கோணேசர் கோயிலுக்கு ஏற முடியாதவரையும் பின்னேரங்களில் கடற்கரைக்குக் கூட்டிச் செல்லுங்கள். செருப்பை மட்டும் கழற்றவிடாதீர்கள்.