நட்சத்திரத்தின் கூர் எங்கே மழுங்குகிறது?

சட்டை, பாவாடை எல்லாம் அழகாகத் தைப்பவர்கள்கூட, துண்டுத் துணிகளைச் சேர்த்துப் போர்வை தைக்கும்போது நட்சத்திரக் கட்டத்தில் தடுமாறுவதைப் பார்க்கிறேன். திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டு விறாந்தையில் நாலைந்து பேர் கூடித் தைப்போம். புதிதாக வருபவர்களுக்கு அநேகமாக ஒரே இடத்தில்தான் பிழைக்கும்: முக்கோணத்தின் உச்சி தையலுக்குள் போய் மழுங்கிவிடும்.

நாங்கள் தைப்பது அமெரிக்கக் குவில்ட்டுகளில், அதாவது துண்டுத் துணிப் போர்வைகளில், வரும் பழைய ‘சோடூத் ஸ்டார்’ என்ற நட்சத்திரக் கட்டம். போர்வையில் சேர்த்து முடிந்த கட்டம் 12 அங்குலம், சேர்க்குமுன் சுற்றிவரத் தையலுக்கு விடும் கால் அங்குலத்தோடு 12½. நடுச் சதுரம் 6½ அங்குலம், மூலைச் சதுரங்கள் நாலும் 3½. நாலு பக்கத்துக்கும் 3½க்கு 6½ அளவில் ஒவ்வொரு நீள்சதுரம். அதன் இரு முனையிலும் தனியாக வெட்டிய 3½ அங்குலச் சதுரத்தை வைத்து, மூலைவிட்டத்தில் தைத்து, மடித்துவிட்டால் நட்சத்திரத்தின் கூர்கள் வரும். இதுதான் பக்கத் துண்டு.

முதல் தவறு, தையலுக்கு ஓரத்தில் விடும் கால் அங்குலத்தைக் கண்ணால் மதிப்பது. சட்டைக்கு அரை அங்குலம் விட்டுப் பழகிய கை, தன்னை அறியாமல் கொஞ்சம் உள்ளே தைக்கும். ஒவ்வொரு தையலிலும் 1/16 அங்குலம் கூடினால் இரு பக்கத் துணியிலுமாக 1/8 போகும். ஒரு வரிசையில் இரண்டு தையல், ஆக கால் அங்குலம் குறையும். எனது முதல் கட்டம் 12½க்குப் பதிலாக 12¼தான் வந்தது. பக்கத்துக் கட்டத்தோடு சேர்க்கவே முடியவில்லை. ஆகவே முதலில் கழிவுத் துணியில் 1½ அங்குல அகலமான மூன்று துண்டுகளைச் சேர்த்துத் தையுங்கள். நடுத்துண்டு சரியாக ஒரு அங்குலம் தெரிந்தால் மெசின் தயார். கூடக் குறைய இருந்தால், ஊசியிலிருந்து கால் அங்குலத்தில் மெசின் தட்டில் டேப் ஒட்டி அந்த ஓரமாகவே தையுங்கள்.

அடுத்தது எனக்கு மிகவும் மனவருத்தம் தரும் தவறு. பக்கத் துண்டு தைத்து முடிந்ததும் உச்சிக்கு மேலே கால் அங்குலத் துணி மிஞ்சி நிற்கும். ‘இது தேவையில்லையே’ என்று கத்தரிக்கோல் வைத்துவிடுவார்கள். ஐயோ, அது தேவை! அடுத்த தையல் உட்காரும் இடம் அதுதான். நடுச் சதுரத்தோடு சேர்க்கும்போது பக்கத் துண்டை மேலே வைத்துத் தையுங்கள். அதன் பின்பக்கத்தில் இரு தையலும் பெருக்கல் குறிபோல வெட்டும் புள்ளி தெரியும். ஊசி அந்தப் புள்ளியை விட்டு ஒரு நூல் வெளியே, ஓரத்துப் பக்கமாக இறங்கினால் உச்சி கூராக நிற்கும்.

துணி விஷயம். தையல்கடையில் மிஞ்சும் துண்டுகளை வாங்கலாம், ஆனால் பருத்தியோடு வழுக்கும் சேலைத் துணியைக் கலக்காதீர்கள். நம் கிழக்கு மாகாணத்து மருதமுனைக் கைத்தறி அழகுதான், வெட்டிய ஓரம் பிரியும். சிவப்பும் கருநீலமும் சாயம் விடக்கூடும். வெட்டுமுன் தனியாக ஊறவைத்துப் பாருங்கள். அலசிய பிறகு மெல்லிய சோற்றுக் கஞ்சி போட்டுக் காயவைத்து வெட்டுவது எங்கள் பழக்கம். மூலைவாட்டில் வெட்டிய ஓரம் இழுபடாமல் இருக்கும். கச்சான் என்னும் வறண்ட காற்று வீசும் மாதங்களில் சீக்கிரம் காயும். மாரியில் ஈரம் போகாமல் வெட்டினால் அளவு மாறிவிடும். போர்வை முடிந்ததும் கஞ்சி போக அலசிவிடுங்கள், இல்லையென்றால் பூச்சி வரும்.

அயன் பண்ணும்போதும் இழுக்கக் கூடாது. தூக்கி வைத்து, அழுத்தி, தூக்கி எடுங்கள். மேல், கீழ் வரிசைகளில் தையலை மூலைச் சதுரத்தின் பக்கம் மடியுங்கள், நடு வரிசையில் நடுச் சதுரத்தின் பக்கம். வரிசைகளைச் சேர்க்கும்போது மடிப்புகள் ஒன்றுக்கொன்று எதிராக வந்து பொருந்தும். அந்த இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். மேடு இல்லாமல் இருந்தால் குண்டூசி குத்தித் தையுங்கள்.