51 சதவீதம் கையில் இருந்தால் போதுமா? குடும்ப நிறுவனங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குமரி மாவட்டத்தில் ரப்பர், முந்திரி, தேன், கயிறு என்று பெற்றோர் தொடங்கிய தொழிலைப் பிரைவேட் லிமிடெட் நிறுவனமாக மாற்றும் குடும்பங்களில், மூத்தவர் பெயருக்கு 51 சதவீதம் எழுதிவிட்டால் இனி எல்லாம் அவர் சொல்படிதான் என்ற நம்பிக்கை இருக்கிறது. முதல் தவறு அதுதான்.

மார்த்தாண்டத்தில் ஒரு தேன் நிறுவனத்தில் அண்ணனுக்கு 51, தம்பிக்கு 29, தங்கைக்கு 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஆடிட்டர் நியமனம், இயக்குநர் நியமனம் போன்ற சாதாரணத் தீர்மானங்களுக்கு அண்ணனின் வாக்கே போதும். ஆனால் நிறுவனத்தின் பெயரையோ, அதை நடத்தும் முறையைச் சொல்லும் நடைமுறை விதிகளையோ (Articles of Association) மாற்றவும், வெளியாருக்குப் புதிய பங்குகள் வழங்கவும் சிறப்புத் தீர்மானம் வேண்டும். 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், பிரிவு 114இன்படி அதற்கு ஆதரவு வாக்குகள் எதிர்ப்பு வாக்குகளைப் போல் மூன்று மடங்காவது இருக்க வேண்டும். தம்பி எதிர்த்தால் 87 தேவை. தங்கை சேர்ந்தாலும் அண்ணனுக்குக் கிடைப்பது 71தான்.

தம்பியைப் போலத் தடுக்கும் வலிமை இருந்தும், மனக்கசப்பில் கூட்டத்துக்கே போகாமல் இருந்துவிடுகிறவர்கள் உண்டு. பதிவான வாக்குகளே கணக்கில் வரும் என்பதால், தம்பி வராத கூட்டத்தில் அதே 71 வாக்கில் தீர்மானம் நிறைவேறிவிடும். உரிமைப் பங்குக் கடிதத்தை, அதாவது இருக்கும் பங்கின் விகிதத்தில் புதிய பங்குகளை வாங்கிக்கொள்ளும்படி நிறுவனம் அனுப்பும் கடிதத்தை, பிரிக்காமல் போட்டுவைப்பது இதைவிடக் கேடு. அதற்குத் தரப்படும் கெடு அதிகம் போனால் 30 நாள். இரண்டு பங்குக்கு ஒரு புதிய பங்கு வீதம் மற்ற இருவரும் வாங்கிக்கொண்டு தம்பி வாங்காமல் விட்டால், அவருடைய 29 சதவீதம் ஏறக்குறைய 21 ஆகிவிடும். சிறப்புத் தீர்மானத்தைத் தனியாகத் தடுக்கும் வலிமையும் அத்துடன் போய்விடும்.

அண்ணன் தரப்பிலும் தவறு நேர்கிறது. இயக்குநர் குழுவில் பங்கின் அளவு செல்லாது, ஆளுக்கு ஒரு வாக்குதான். மூவரும் இயக்குநர்களாக இருந்தால், வங்கிக் கடன் வாங்குவதைக்கூட இளையவர்கள் இருவரும் சேர்ந்து தடுத்துவிட முடியும். பொதுக்கூட்டத்தில் இயக்குநரை நீக்கப் பிரிவு 169 வழி தருகிறது என்றாலும், அதற்குக் கூட்டத்துக்கு முன்கூட்டியே சிறப்பு அறிவிப்பு கொடுத்து, நீக்கப்படுபவரின் விளக்கத்தையும் கேட்டாக வேண்டும்.

பெரியவர்கள் முன்னிலையில் பேசி முடித்ததை மட்டும் நம்பியிருப்பது, என் பார்வையில், எல்லாவற்றிலும் ஆபத்தானது. பங்கை விற்பதானால் முதலில் குடும்பத்தில் தன் கிளையினருக்கே தர வேண்டும் என்று ஒரு குடும்ப நிறுவனத்தின் பங்குதாரர்கள் வாய்மொழியாகச் செய்துகொண்ட ஏற்பாடு, நடைமுறை விதிகளில் இடம்பெறாததால் செல்லாது என்று 1991இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இளையவர்களுக்கு இயக்குநர் பதவி உறுதி என்று பேசியிருந்தால், பங்கு பிரிக்கும் முன்பே அதை நடைமுறை விதிகளில் எழுதச் சொல்லிக் கேளுங்கள்.