கண் மருத்துவரின் கணக்கேட்டைப் புரட்டுவது எப்படி?

இரவில் எதிரே வரும் கார் விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டம் தெரிய ஆரம்பித்ததும், இது கண்புரைதான் என்று புரிந்துவிட்டது. நியூ ஜெர்சியில், எடிசனில் இருக்கிறேன். வயது அறுபத்தெட்டு. முப்பத்தைந்து ஆண்டுகள் பிறர் கணக்கைத் தணிக்கை செய்தே பிழைத்தவன். இரண்டு மருத்துவர்களின் பெயர்கள் கைக்கு வந்தன; ஒன்று கோயிலில் பார்த்த நண்பர் சொன்னது, மற்றொன்று மருந்துக் கடையில் கேட்டது. இணையத்தில் இருவருக்கும் நட்சத்திரங்கள் கொட்டிக் கிடந்தன. வரவேற்பறையில் காபி நன்றாக இருந்ததென்று ஒரு புண்ணியவான் ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார். அதற்குமேல் எனக்குப் படிக்கத் தோன்றவில்லை. பேரேட்டைத் தேடிப் போனேன்.

அமெரிக்காவில் அப்படி ஒரு பேரேடு உண்மையிலேயே இருக்கிறது. அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகேர், எந்த மருத்துவர் எந்தச் சிகிச்சையை எத்தனை பேருக்குச் செய்தார், அதற்கு எவ்வளவு கொடுத்தோம் என்பதை ஊரறிய வெளியிடுகிறது. 2014 ஏப்ரலில், 2012-ஆம் ஆண்டுக் கணக்கோடு இது தொடங்கியது. அந்த முதல் பட்டியலின் உச்சியில் இருந்தவரே ஒரு கண் மருத்துவர்தான்: புளோரிடாவின் சாலமன் மெல்ஜன், ஒரே ஆண்டில் இரண்டு கோடி டாலருக்கு மேல். இல்லாத விழித்திரை நோயை இருப்பதாகச் சொல்லி வைத்தியம் பார்த்த மோசடிக்காக 2017-இல் அவர் குற்றவாளி எனத் தீர்ப்பானது. பெரிய தொகை என்றாலே திருட்டு என்று இதை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். நான் கட்டினேன்; மூக்குடைபட்டேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் மருத்துவரின் பத்து இலக்க அடையாள எண்ணைக் கண்டுபிடியுங்கள். தேசிய வழங்குநர் பதிவேட்டின் தளத்தில் பெயரையும் மாநிலத்தையும் கொடுத்தால் இலவசமாகக் கிடைக்கும். பெயரை மட்டும் நம்பித் தேடினால், எங்கள் பக்கத்தில் ஒரே பெயரில் நான்கு படேல்கள் வந்து நிற்பார்கள். அதே பக்கத்தில் அவருடைய துறையும் இருக்கும். அறுவை செய்யும் கண் மருத்துவரா, கண்ணாடி எழுதித் தரும் ஆப்டோமெட்ரிஸ்டா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

அடுத்து, மெடிகேரின் தரவுத் தளத்துக்குப் போய், மருத்துவர் வாரியாகவும் சேவை வாரியாகவும் உள்ள அட்டவணையைத் திறந்து, அந்த எண்ணால் வடிகட்டுங்கள். முழுக் கோப்பையும் இறக்க வேண்டாம். ஏறத்தாழ ஒரு கோடி வரிசை, கணினி மூச்சு வாங்கும். வடிகட்டினால் பத்து இருபது வரிசைதான் மிஞ்சும். ஒவ்வொன்றிலும் ஒரு சிகிச்சைக் குறியீடு, நோயாளிகளின் எண்ணிக்கை, சேவைகளின் எண்ணிக்கை, மருத்துவர் கேட்ட தொகை, மெடிகேர் ஒப்புக்கொண்ட தொகை. கேட்ட தொகையைக் கண்டு மிரள வேண்டாம். அது வெறும் ஆசை. ஒப்புக்கொண்ட தொகைதான் கணக்கு.

கண்ணுக்கு நான்கைந்து குறியீடுகள் தெரிந்தால் போதும். 66984 சாதாரணக் கண்புரை அறுவை, 66982 சிக்கலான கண்புரை அறுவை. அறுவையில் வைத்த செயற்கை லென்ஸுக்குப் பின்னால் உள்ள சவ்வு பிறகு மங்கினால் செய்யும் லேசர் 66821. விழித்திரை நோய்க்காகக் கண்ணுக்குள் ஊசி போடுவது 67028.

இனி என் இரு மருத்துவர்கள். நண்பர் சொன்னவரின் ஏட்டில் 67028 நூற்றுக்கணக்கில் இருந்தது. 66984-இல் இருபத்துமூன்று பேர் மட்டுமே. அதாவது அவர் விழித்திரைக்காரர். அவரிடம் கண்புரைக்குப் போவது, நாதஸ்வர வித்வானை அழைத்துத் தவில் வாசிக்கச் சொல்வது போல.

மூக்குடைந்த கதை இங்கேதான். அவருடைய ஏட்டில் ஜே 0178 என்ற மருந்து வரிசையும் இருந்தது. அஃப்லிபர்செப்ட் ஊசி மருந்து. அதன் சேவை எண்ணிக்கை, போட்ட ஊசிகளின் எண்ணிக்கையைவிட மிக அதிகமாக இருந்தது. "பார்த்தாயா, போடாத ஊசிக்குப் பணம் வாங்குகிறார்!" என்று மனைவியிடம் குதித்தேன். அவள் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவள். "அலகு என்னவென்று பார்த்தீர்களா?" என்றாள். அந்தக் குறியீட்டின் அலகு ஒரு மில்லிகிராம்; ஓர் ஊசிக்குச் செல்வது இரண்டு மில்லிகிராம். இரண்டால் வகுத்தால் மனிதர் சுத்தம். போதாததற்கு, ஒரு ஊசி மருந்தின் விலையே ஆயிரம் டாலரைத் தாண்டும். மருத்துவர் அதை முதலில் விலைக்கு வாங்கி வைக்கிறார். மெடிகேர் கொடுப்பதில் பெரும்பகுதி மருந்து நிறுவனத்துக்கே போய்விடுகிறது. முப்பத்தைந்து ஆண்டு தணிக்கைக்காரனுக்கு அலகு பார்க்கத் தெரியவில்லை என்று அன்று முழுதும் வீட்டில் ஒரே கேலி.

ஏட்டில் ஓட்டைகளும் உண்டு. பத்து பேரோ அதற்குக் குறைவாகவோ செய்துகொண்ட சிகிச்சையின் வரிசையை மறைத்துவிடுவார்கள். வரிசை இல்லையென்றால் செய்யவே இல்லை என்று பொருளாகாது. தனியார் நிறுவனங்கள் நடத்தும் அட்வான்டேஜ் திட்டத்தில் இருப்பவர்கள் இதில் வருவதில்லை; மெடிகேர்காரர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இன்று அங்கேதான். தரவும் ஏறத்தாழ இரண்டு ஆண்டு பழையது. எல்லாவற்றுக்கும் மேலாக, அறுவைக்குப் பின் எத்தனை பேருக்குப் பார்வை திரும்பியது, எத்தனை பேருக்குக் கிருமித் தொற்று வந்தது என்று ஒரு வரிகூட இல்லை.

அடுத்து ஓப்பன் பேமென்ட்ஸ். மருந்து, கருவி நிறுவனங்கள் மருத்துவர்களுக்குக் கொடுப்பதையெல்லாம் அரசு 2014 முதல் வெளியிடும் தளம். பெயரைத் தட்டினால் போதும். பதினெட்டு டாலர் மதிய உணவைப் பொருட்படுத்த வேண்டாம். உரையாற்றியதற்கும் ஆலோசனைக்கும் ஒரே லென்ஸ் நிறுவனம் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் கொடுத்திருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். காரணம் இருக்கிறது: மெடிகேர் சாதாரண ஒற்றைக் குவிய லென்ஸுக்குத்தான் பணம் தரும். தூரம், கிட்டம் இரண்டுக்குமான உயர்ரக லென்ஸ் வேண்டுமென்றால் கூடுதல் தொகை நம் சட்டைப்பையிலிருந்து. 2005 முதல் அப்படித்தான். அந்தப் பணம் முதல் ஏட்டில் எங்கும் பதிவாகாது. ஆகவே உயர்ரக லென்ஸை வற்புறுத்துபவர் யார் பணத்தில் பேசப் போகிறார் என்பதை இங்கேதான் பார்க்க முடியும்.

உரிமம் செல்லுபடியாகிறதா, நடவடிக்கை ஏதும் உண்டா என்பதை மாநில மருத்துவ வாரியத்தின் தளத்திலும், சிறப்புச் சான்றிதழை 1916-இல் தொடங்கிய அமெரிக்கக் கண் மருத்துவ வாரியத்தின் தளத்திலும் சரிபாருங்கள். ஐந்து நிமிட வேலை.

மருந்துக் கடையில் சொன்ன மருத்துவருக்கு வருகிறேன். கண்புரை அறுவை நூற்றுக்கணக்கில். ஆனால் நான்கில் ஒன்று 66982, சிக்கலான வகை. எங்கள் வட்டாரத்தில் வேறு ஐந்தாறு பேரின் ஏட்டைப் பார்த்தேன். பத்தில் ஒன்றைச் சுற்றித்தான் இருந்தது. சிக்கலான வகைக்கு மெடிகேர் கூடுதலாகக் கொடுக்கிறது என்பதால் என் தணிக்கைப் புத்தி மறுபடி தலைதூக்கியது. இந்தமுறை மனைவியிடம் குதிக்கவில்லை; தாளில் எழுதிக்கொண்டு அவரிடமே போனேன்.

தாளை வாங்கிப் பார்த்தவர் கோபப்படவில்லை. "புராஸ்டேட்டுக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டார். டாம்சுலோசின், ஆறு ஆண்டுகளாக. அந்த மாத்திரை கண்பாவையைச் சுற்றியுள்ள படலத்தைத் (ஐரிஸ்) தளர்த்திவிடும், அறுவையின்போது கண்பாவை விரிந்து நிற்காது, சிறு வளையம் வைத்து விரித்துப் பிடிக்க வேண்டும், அப்போது அது 66982 ஆகிவிடும் என்றார். அத்தகைய கண்களைப் பிற மருத்துவர்கள் தம்மிடம் அனுப்புவதாகவும் சொன்னார். தொற்று எத்தனை பேருக்கு வந்தது என்று கேட்டேன். தயங்காமல், எந்த ஆண்டில் எத்தனை என்று சொன்னார்.

வலது கண் முடிந்துவிட்டது. இரண்டு ஆண்டு கழித்து வெளியாகும் ஏட்டில், சந்தேகப்பட்ட அதே வரிசையில் நானும் ஓர் எண்.